நன்றிக்கடன் பட்ட நீதிபதி

2018 அக்டோபரில் ஹூஸ்டன் பக்கம் என் அக்கா பையன் வீட்டில் தங்கியிருந்தேன். அமெரிக்காவுக்குப் போகும் தமிழ்ப் பெரியவர்கள் எல்லோரும் செய்கிற ஒரே உருப்படியான காரியத்தை நானும் செய்தேன். காலை வாக்கிங். தெருவில் மனித நடமாட்டம் கிடையாது. துணைக்குப் புல்வெளிகளில் நட்டு வைத்திருந்த சின்னச் சின்ன பிளாஸ்டிக் பலகைகள் மட்டும்தான். தேர்தல் சமயம். கவர்னருக்கு இவர், செனட்டுக்கு அவர் என்பதெல்லாம் சரி. ஆனால் நாலு பலகைக்கு ஒன்று 'இன்னாரை நீதிபதியாகத் தேர்ந்தெடுங்கள்' என்றது. கீழே கோர்ட்டின் நம்பர். சிலவற்றில் தராசுப் படம். ஒன்றில் சிரித்த முகத்துடன் குடும்பப் படம், நாய் உட்பட.

அக்கா பையன் அப்போதுதான் குடியுரிமை வாங்கி முதல் ஓட்டுப் போட்டுவிட்டு வந்திருந்தான். (அங்கே தேர்தல் நாளுக்கு முன்பே இரண்டு வாரம் போல ஓட்டுப் போடலாம்.) முகத்தில் பரீட்சை எழுதின களைப்பு.

"மாமா, அது பேலட் இல்லை, டெலிபோன் டைரக்டரி. டிஸ்ட்ரிக்ட் ஜட்ஜ், கவுன்ட்டி கிரிமினல் ஜட்ஜ், ஃபேமிலி ஜட்ஜ், புரோபேட் ஜட்ஜ்னு போயிண்டே இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு பேர். ஒருத்தரையும் எனக்குத் தெரியாது. அந்த மெஷின்ல ஒரு சக்கரம் இருக்கும், அதைத் திருப்பித் திருப்பிக் கை வலிக்கறது."

"அப்புறம் என்னடா பண்ணினே?"

"முதல் பக்கத்துலயே கட்சிக்கு மொத்தமா குத்திடலாம்னு ஒரு வசதி இருந்தது. குத்திட்டு வந்துட்டேன்."

எந்தக் கட்சி என்று கேட்கவில்லை. அடுத்த மாதம் ரிசல்ட் வந்தபோது ஹாரிஸ் கவுன்ட்டியில் போட்டி நடந்த 59 நீதிபதி பதவிகளையும் ஜனநாயகக் கட்சி அள்ளிக்கொண்டு போய்விட்டது. ஐம்பத்தொன்பதும்! பல வருஷம் பெஞ்சில் உட்கார்ந்து நல்ல பெயர் எடுத்தவர், தூங்கி வழிந்தவர், அத்தனை பேரும் ஒரே அலையில் வீட்டுக்குப் போனார்கள். அவர்கள் தீர்ப்புகளை மக்கள் ஆராய்ந்து நிராகரித்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். என் அக்கா பையனைப் போலப் பல லட்சம் பேர் முதல் பக்கத்தைத் தாண்டவில்லை, அவ்வளவுதான். அந்த ஒற்றைக் குத்து வசதியை டெக்ஸாஸ் 2020ல் எடுத்துவிட்டது. இப்போது சக்கரத்துக்குப் பதில் டச் ஸ்கிரீன். நீதிபதிகளைத் தெரியாத நிலைமையில் மட்டும் மாற்றமில்லை.

நம்மூரில் ஜட்ஜ் ஆக வேண்டுமென்றால் பரீட்சை எழுத வேண்டும், அல்லது மேலிடத்தில் யாராவது தேர்ந்தெடுக்க வேண்டும். ஓட்டுக் கேட்டு வரும் நீதிபதியை நாம் பார்த்ததில்லை. அதனால்தான் இந்தப் பலகைகள் எனக்கு அப்படி உறுத்தின. அமெரிக்காவிலும் மத்திய அரசின் நீதிபதிகளுக்குத் தேர்தல் இல்லை. ஜனாதிபதி நியமிப்பார், செனட் ஒப்புக்கொண்டால் ஆயுள் முழுவதும் பதவி. மாநில நீதிமன்றங்கள் கதை வேறு. ஐம்பதில் முக்கால் பங்குக்கு மேற்பட்ட மாநிலங்களில் ஏதாவது ஒரு கட்டத்தில் நீதிபதி மக்கள் முன்னால் நின்றாக வேண்டும். எல்லா நீதிபதிகளையும் ஓட்டுப் போட்டே தேர்ந்தெடுப்பது என்று முதலில் கிளம்பிய மாநிலம் மிஸிஸிப்பி, 1832ல். 1846ல் நியூயார்க்கும் சேர்ந்துகொள்ள, மற்றவர்கள் வரிசையாகப் பின்தொடர்ந்தார்கள். காரணம் நல்ல காரணம்தான். கவர்னர்களும் சட்டசபைக்காரர்களும் தங்கள் கையாட்களுக்கே நீதிபதி நாற்காலியைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களிடமிருந்து பிடுங்கி மக்களிடம் கொடுப்போம் என்று புறப்பட்ட சீர்திருத்தம் அது.

அந்த வாக்கிங்கில்தான் ஒரு வீட்டு வாசலில் பழைய சாமான்களைப் பரப்பி வைத்து விற்றுக்கொண்டிருந்தார்கள். ஒரு டாலர் கொடுத்து ஜான் கிரிஷாமின் 'தி அப்பீல்' வாங்கினேன். 2008 ஜனவரியில் வந்த நாவல். மிஸிஸிப்பியில் நடக்கும் ஒரு நீதிபதி தேர்தல்தான் கதை. பலகைகளுக்கு நடுவே அதைப் படிக்க வாய்த்தது என் அதிர்ஷ்டம்.

கதை இது. போமோர் என்று ஒரு சின்ன ஊர். கிரேன் கெமிக்கல் என்ற கம்பெனி விஷக் கழிவை மண்ணில் கொட்டுகிறது. குடிதண்ணீர் நாறுகிறது. ஊரில் வீட்டுக்கு வீடு புற்றுநோய். கவுன்ட்டிக்கே 'கேன்சர் கவுன்ட்டி' என்று பட்டப் பெயர் விழுந்துவிட்டது. கணவனையும் குழந்தையையும் பறிகொடுத்த ஜெனட் பேக்கர் என்ற ஏழைப் பெண்ணுக்காக வெஸ், மேரி கிரேஸ் என்று ஒரு வக்கீல் தம்பதி சொத்தையெல்லாம் தொலைத்து வழக்காடுகிறார்கள். ஜூரி 4 கோடியே 10 லட்சம் டாலர் நஷ்டஈடு கொடுக்கச் சொல்கிறது. இது நாவலின் ஆரம்பம். வேறு எழுத்தாளராக இருந்தால் இதைக் கடைசி அத்தியாயத்துக்கு வைத்துக்கொண்டு கைத்தட்டல் வாங்கியிருப்பார்.

கம்பெனி முதலாளி கார்ல் ட்ரூடோ நியூயார்க்கில் இருக்கிறார். ஒரு தம்பிடி கொடுக்க மாட்டேன் என்று சபதம் செய்கிறார். மேல்முறையீடு மிஸிஸிப்பி மாநில சுப்ரீம் கோர்ட்டுக்குப் போகும். அங்கே ஒன்பது நீதிபதிகள். ஏறக்குறைய பாதிக்குப் பாதி. ஒரு ஆளை மாற்றினால் போதும். அதற்கென்றே இருக்கும் ஒரு ரகசியத் தேர்தல் வித்தகரிடம் பணத்தைக் கொட்டுகிறார். ஷீலா மெக்கார்த்தி என்ற நடுநிலையான பெண் நீதிபதியைத் தோற்கடிக்க ரான் ஃபிஸ்க் என்ற ஊர்பேர் தெரியாத வக்கீலைத் தேடிப் பிடிக்கிறார்கள். முப்பத்து ஒன்பது வயது, அழகான குடும்பம், ஞாயிறு தவறாமல் சர்ச், பையனின் பேஸ்பால் அணிக்குக் கோச். கறை கிடையாது. கறை இல்லாததுதான் தகுதி.

தேர்தல் நடக்கும் அத்தியாயங்கள் பிரமாதம். கிரிஷாம் அதே மிஸிஸிப்பியில் வக்கீலாக இருந்தவர். எண்பதுகளில் ஓட்டுக் கேட்டு ஜெயித்து மாநில சட்டசபையில் உட்கார்ந்தவர். எந்த ஊர் மீட்டிங்கில் எந்த மாதிரி சாண்ட்விச் கொடுப்பார்கள் என்பது வரை அவருக்குத் தெரிந்திருக்கிறது. கிளீட் கோலி என்று ஒரு கோமாளி வேட்பாளரை முதலில் களத்தில் இறக்கி மெக்கார்த்தியைத் திட்ட வைக்கிறார்கள். சூதாட்டப் பிரியன், சத்தக்காரன். அவன் அசிங்கத்தையெல்லாம் பேசி முடித்துவிட்டு விலகி, கண்ணியவான் ஃபிஸ்க்குக்கு ஆதரவு தெரிவித்துவிட்டுப் போகிறான். எங்கிருந்தோ இரண்டு ஆண்களைக் குடியேற்றி, 'எங்களுக்குக் கல்யாண லைசன்ஸ் கொடுங்கள்' என்று வழக்குப் போட வைக்கிறார்கள். சர்ச்சுகள் கொதிக்கின்றன. கெமிக்கல் கம்பெனி, விஷத் தண்ணீர் இதெல்லாம் தேர்தல் பேச்சில் ஒரு வார்த்தை கூட வருவதில்லை. பணம் எதற்காகச் செலவாகிறதோ அதைப் பற்றி மட்டும் யாரும் பேசக் கூடாது என்பது இந்த வித்தையின் முதல் விதி. இதைப் படித்தபோது எனக்கு மிஸிஸிப்பி அந்நிய தேசமாகவே தோன்றவில்லை.

குறைகளும் உண்டு. போமோர் ஏழைகள் எல்லோரும் புனிதர்கள். ட்ரூடோ வரும் பக்கங்களில் எல்லாம் ஆசிரியர் பின்னால் நின்றுகொண்டு 'பார்த்தீர்களா, எவ்வளவு கெட்டவன்!' என்று நம் தோளைத் தட்டிக்கொண்டே இருக்கிறார். அவன் பெண்டாட்டி பட்டினி கிடந்து ஒல்லியாக இருப்பது, கோடிக்கணக்கில் கொட்டி ஒரு விகாரமான சிலையை ஏலத்தில் எடுப்பது... பழைய எம்.ஜி.ஆர். படத்தில் நம்பியார் கையைப் பிசைந்துகொண்டே வருவார், ஞாபகம் இருக்கிறதா? அது மாதிரி. நம்பியாராவது ரசிக்கும்படி பிசைவார். வழக்கின் நுணுக்கங்களுக்கு நடுவே கதை சில இடங்களில் படுத்துவிடுகிறது.

இதெல்லாம் மிகைப்படுத்தல், நிஜத்தில் இப்படியா நடக்கும் என்று புத்தகம் வந்த புதிதில் கேட்டவர்களுக்கு நிஜமே பதில் வைத்திருந்தது. மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் ஹ்யூ கேப்பர்டன் என்ற சின்ன நிலக்கரி முதலாளி, மாஸ்ஸி என்ற ராட்சஸக் கம்பெனி தன் தொழிலை அழித்துவிட்டது என்று வழக்குப் போட்டார். 2002ல் ஜூரி அவருக்கு 5 கோடி டாலர் கொடுக்கச் சொன்னது. மேல்முறையீடு மாநில சுப்ரீம் கோர்ட்டுக்குப் போக வேண்டும். நடுவில் 2004 தேர்தல். மாஸ்ஸியின் தலைவர் டான் பிளாங்கன்ஷிப், பெஞ்சில் இருந்த வாரன் மெக்ராவைத் தோற்கடித்து பிரென்ட் பெஞ்சமின் என்ற வக்கீலை ஜெயிக்க வைக்கத் தன் கைக்காசு 30 லட்சம் டாலர் செலவு செய்தார். பெஞ்சமினின் சொந்தப் பிரசாரக் குழு செலவழித்ததைப் போல இது மூன்று மடங்கு. பெரும்பகுதி 'குழந்தைகள் நலனுக்காக' என்ற ரீதியில் பெயர் வைத்த ஓர் அமைப்புக்குப் போனது. பாலியல் குற்றவாளியை வெளியே விட்டவர் மெக்ரா என்று டி.வி.யில் விளம்பரம். நிலக்கரி? மூச்சு விடவில்லை.

பெஞ்சமின் ஜெயித்தார். வழக்கு வந்தது. 'ஐயா, நீங்கள் விலகிக்கொள்ளுங்கள்' என்று கேப்பர்டன் தரப்பு மன்றாடியது. மாட்டேன் என்றார். 2007ல் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் 5 கோடி ரத்து. அதில் ஒரு ஓட்டு பெஞ்சமினுடையது. அதற்குப் பிறகு, பெரும்பான்மையில் இருந்த இன்னொரு நீதிபதி பிரெஞ்சுக் கடற்கரையில் பிளாங்கன்ஷிப்புடன் இருக்கும் போட்டோக்கள் வெளியே வந்தன. அவர் விலகி, மறுவிசாரணை நடந்து, 2008ல் மறுபடி மூன்றுக்கு இரண்டு. மறுபடி ரத்து. கிரிஷாம் இதை எழுதியிருந்தால் 'ஓவர்' என்று எடிட்டர் வெட்டியிருப்பார்.

2009 ஜூனில் வாஷிங்டனில் உள்ள பெரிய சுப்ரீம் கோர்ட், பெஞ்சமின் விலகியிருக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. அதுவும் ஐந்துக்கு நாலு. தீர்ப்பை எழுதியவர் ஆன்டனி கென்னடி. தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் எதிர்த்து எழுதினார். எவ்வளவு பணம் கொடுத்தால் அதிகம், எத்தனை வருஷம் கழித்து நன்றி தீரும் என்ற ரீதியில் 40 கேள்விகளை நம்பர் போட்டு அடுக்கினார். கிண்டலாகக் கேட்டாலும் நியாயமான கேள்விகள். நன்றியை எந்தத் தராசில் நிறுப்பது?

கேப்பர்டனுக்கு இதனால் பைசா பிரயோஜனம் இல்லை. பெஞ்சமின் இல்லாத மாநிலக் கோர்ட் அதே ஆண்டு நவம்பரில், 'இந்த வழக்கை நீங்கள் எங்கள் மாநிலத்தில் போட்டதே தப்பு' என்று சொல்லி மூன்றாவது தடவையாகக் கைவிரித்தது. சட்ட மாணவர்கள் எல்லோரும் படிக்கும் புகழ்பெற்ற வழக்கில் அவர் பெயர் இருக்கிறது. அந்த 5 கோடி இல்லை.

இப்போது நான் கிரிஷாமோடு சண்டை போட வேண்டிய இடத்துக்கு வருகிறேன். நாவலை மூடி வைத்தபோது நமக்கு யார் மேல் கோபம் வருகிறது? ட்ரூடோ மேல். பெரிய பணம், பெரிய கோர்ட், பெரிய சதி. ஏதோ அந்த ஒரு வில்லனைப் பிடித்து உள்ளே போட்டால் நீதிபதி தேர்தல் சரியாகிவிடும் என்ற எண்ணம். ஆனால் நான் வாக்கிங்கில் பார்த்த பலகைகளுக்குப் பின்னால் எந்த ட்ரூடோவும் இல்லை. அவர்கள் கவுன்ட்டி நீதிபதிகள். குடித்துவிட்டு வண்டி ஓட்டியவன், வாடகை தராதவன், மனைவியை அடித்தவன், கடையில் சட்டை திருடின பையன்; இவர்களை விசாரிப்பவர்கள். நாட்டில் பெரும்பாலானவர்கள் வாழ்நாளில் ஒரே ஒரு நீதிபதியைப் பார்க்க நேர்ந்தால் அது இவராகத்தான் இருக்கும். இந்தத் தேர்தலுக்குக் கோடிகள் வேண்டாம். பலகை அடிக்க, போஸ்ட் கார்டு அனுப்பக் கொஞ்சம் காசு. அந்தக் கொஞ்சத்தை யார் கொடுப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? பொதுஜனம் கொடுக்காது, அதற்குப் பெயரே தெரியாது. அந்தக் கோர்ட்டில் வழக்காடும் வக்கீல்கள் கொடுப்பார்கள்.

ஃப்ளோரிடாவில் டாம்பா நகரம் இருக்கும் ஹில்ஸ்பரோ கவுன்ட்டியில் 2009ல் லனெல் வில்லியம்ஸ் யூலி என்ற பெண் வக்கீல் கவுன்ட்டி நீதிபதி தேர்தலுக்கு நின்றார். தன் கையெழுத்துப் போட்டு ஒரு கடிதம். 'நான் போட்டியிடுகிறேன், 25, 50, 100, 250 அல்லது 500 டாலர் அனுப்பி உதவுங்கள்' என்று. 25 டாலர்! நம் மொய்க் கவர் சமாசாரம். தேர்தலில் தோற்றும் போனார். அதற்கப்புறம் வந்தது வம்பு. ஃப்ளோரிடா விதிப்படி நீதிபதி வேட்பாளர் நேரடியாகப் பணம் கேட்கக் கூடாது. வக்கீல் சங்கம் நடவடிக்கை எடுத்து, பகிரங்கக் கண்டனமும் 1,860 டாலர் செலவுத் தொகையும் விதிக்கப்பட்டது. எனக்குப் பேச்சுரிமை இல்லையா என்று யூலி வாஷிங்டன் வரை போனார். 2015ல் ஐந்துக்கு நாலு என்று அங்கும் தோற்றார். தீர்ப்பை எழுதியவர் யார் தெரியுமா? முன்பு 40 கேள்வி கேட்ட அதே ராபர்ட்ஸ். ஓட்டு வாங்கி வந்தாலும் நீதிபதி அரசியல்வாதி இல்லை, அவர் கை நீட்டக் கூடாது என்ற கருத்தில் எழுதினார். முன்பு பெஞ்சமினை விலகச் சொன்ன கென்னடி இந்தத் தடவை எதிர்ப்பக்கம். இரண்டு மகா புத்திசாலிகள் ஆறு வருஷத்தில் நாற்காலி மாறி உட்கார்ந்துகொண்டார்கள் என்றால், விஷயத்தில் அவ்வளவு சிக்கல் இருக்கிறது.

எனக்கு அந்த வழக்கில் பிடித்த துணுக்கு வேறு. வேட்பாளர்தான் கேட்கக் கூடாதே தவிர, அவருடைய பிரசாரக் கமிட்டி கேட்கலாம். யார் யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று அவர் தெரிந்துகொள்ளலாம். கொடுத்தவர்களுக்குத் தன் கைப்பட நன்றிக் கடிதம் எழுதலாம்! அதாவது தட்சிணையை ஐயர் கையால் வாங்கக் கூடாது, பக்கத்தில் பையனை வைத்து வாங்கிக்கொள்ளலாம், ஆசீர்வாதம் மட்டும் அவரே பண்ணலாம். மறுநாள் அதே வக்கீல் அவர் முன்னால் எழுந்து நின்று 'யுவர் ஆனர்' என்பார். தீர்ப்பு மாறிவிடும் என்று நான் சொல்லவில்லை. அநேகமாக மாறாது. ஆனால் எதிர்த்தரப்பு வக்கீலின் கட்சிக்காரன், வாடகை பாக்கிக்காக நிற்கும் ஏழை, அவன் என்ன நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவான்?

நன்றி ஒரு பக்கம் என்றால் பயம் இன்னொரு பக்கம். பயத்துக்குப் பணமே தேவையில்லை. கிரிகரி ஹ்யூபர், சான்ஃபர்ட் கார்டன் என்ற இரண்டு அரசியல் அறிஞர்கள் பென்சில்வேனியா மாநில விசாரணை நீதிபதிகள் தொண்ணூறுகளில் வழங்கிய இருபதாயிரத்துக்கு மேற்பட்ட தண்டனைகளை எடுத்து வைத்துக் கணக்குப் போட்டார்கள். 2004ல் வெளியான ஆய்வு. அங்கே நீதிபதி பத்து வருஷத்துக்கு ஒரு தடவை மக்களிடம் 'தொடரலாமா?' என்று கேட்க வேண்டும். அந்தத் தேதி நெருங்க நெருங்க, அதே மாதிரி குற்றத்துக்கு அதே நீதிபதி கொடுக்கும் தண்டனை நீண்டுகொண்டே போகிறது. இந்தத் தேர்தல் பயத்தால் மட்டும் கூடுதலாகச் சிறையில் கழிந்த காலம் மொத்தம் 1,800 முதல் 2,700 வருஷம் வரை என்று மதிப்பிட்டார்கள். குறைத்துக் கொடுத்துவிட்டு, அவன் வெளியே வந்து ஏதாவது செய்து தொலைத்தால் எதிராளிக்கு விளம்பரம் கிடைத்துவிடும். அதிகமாகக் கொடுத்தால் யாரும் விளம்பரம் போட மாட்டார்கள். உள்ளே இருப்பவனுக்கு ஓட்டுக் கிடையாது.

அந்த 2,700 வருஷத்துக்கு ட்ரூடோ காரணம் இல்லை. ஒரு டாலர் கூடக் கை மாறவில்லை. நல்ல நீதிபதிகள், காலண்டரைப் பார்த்தவர்கள், அவ்வளவுதான்.

ஹூஸ்டனில் நான் சொன்ன தேர்தலில் தோற்றவர்களில் சிறுவர் நீதிமன்ற நீதிபதி ஒருவர். ரிசல்ட் வந்த மறுநாள் வழக்கம்போல் கோர்ட்டுக்கு வந்தார். கொண்டுவரப்பட்ட பையன்களிடம் 'வெளியே விட்டால் யாரையாவது கொல்வாயா?' என்று கேட்டார். இல்லை என்றவர்களைக் கிட்டத்தட்ட வரிசையாக வெளியே அனுப்பிக்கொண்டே இருந்தார். உள்ளூர்ப் பத்திரிகையில் படித்துவிட்டு அக்கா பையன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தோற்ற கடுப்பில் செய்தாரா, 'மக்கள் இதைத்தான் கேட்டார்கள்' என்று நினைத்தாரா, தெரியாது. ஆனால் செவ்வாய்க்கிழமை உள்ளே இருக்க வேண்டியவனாக இருந்த பையன் புதன்கிழமை எப்படி வெளியே போகத் தக்கவன் ஆனான்? இரண்டில் எது சட்டம்?

சரி, அப்படியானால் தேர்தலை எடுத்துவிட்டு நியமனம் செய்யலாமே என்பீர்கள். அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டின் முதல் பெண் நீதிபதி சான்ட்ரா டே ஓ'கானர் 2006ல் ஓய்வு பெற்றபின் ஊர் ஊராகப் போய் இதைத்தான் வலியுறுத்திக்கொண்டிருந்தார். அவரே 1974ல் அரிசோனாவில் ஓட்டு வாங்கிக் கவுன்ட்டி நீதிபதி ஆனவர். அனுபவப்பட்டவர் பேச்சு. ஆனால் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். அதே 2018ல் ஹாரிஸ் கவுன்ட்டியில் நீதிபதியானவர்களில் 17 பேர் கறுப்பினப் பெண்கள். ஒரே தேர்தலில்! கவர்னர் கையில் நியமனம் இருந்திருந்தால் 17 வருஷம் ஆகியிருக்குமா, 70 வருஷம் ஆகியிருக்குமா? பக்கத்து ஃபோர்ட் பெண்ட் கவுன்ட்டியில் 2022ல் ஜெயித்த சுரேந்திரன் பட்டேல் நம் காசர்கோட்டுக்காரர். சின்ன வயசில் பீடி சுற்றிப் படித்தவர். பிரசாரத்தில் தன் உச்சரிப்பைக் கேலி செய்தார்கள் என்று அவரே சொல்லியிருக்கிறார். கவர்னர் மாளிகை விருந்துக்கு அழைக்கப்படும் ஜாதி இல்லை அவர். வாசல் கதவைத் தட்டித்தான் வர முடியும்.

எனவே தேர்தல் சனியன், நியமனம் சாமி என்று நான் கற்பூரம் அடிக்கத் தயாரில்லை. நாலு பேர் மூடிய அறையில் உட்கார்ந்து நாலு பேரைத் தேர்ந்தெடுப்பதன் லட்சணம் நமக்குத் தெரியாததா? மூடிய அறையில் நன்றிக்கடன் இல்லையா? இருக்கிறது. அங்கே நன்றிக் கடிதம் எழுத வேண்டிய ஆட்கள் குறைவு, அதுதான் வித்தியாசம்.

பணத்துக்கும் எப்போதும் ஜெயம் கிடைப்பதில்லை. 2025 ஏப்ரலில் விஸ்கான்ஸின் மாநில சுப்ரீம் கோர்ட்டின் ஒரே ஒரு நாற்காலிக்கு இரண்டு தரப்பும் சேர்ந்து சுமார் 10 கோடி டாலரைக் கரைத்தார்கள். ஈலான் மஸ்க்கும் அவர் சார்ந்த அமைப்புகளும் மட்டும் 2 கோடி டாலருக்கு மேல். மேடையில் இரண்டு வாக்காளர்களுக்கு ஆளுக்கு 10 லட்சம் டாலர் செக் வேறு. (திருமங்கலம் ஃபார்முலா என்று நாம் பெருமைப்பட்டுக்கொண்டிருந்ததெல்லாம் பிச்சைக்காசு.) அவர் ஆதரித்தவர் தோற்றார். சூசன் க்ராஃபோர்ட் ஜெயித்தார். கிரிஷாமின் ட்ரூடோவுக்கு நேராத கதி. ஆனால் ஜெயித்தவருக்கும் கோடீஸ்வரர்கள் கொட்டிக் கொடுத்திருந்தார்கள் என்பதை மறந்துவிட வேண்டாம். அவருக்கும் எழுத வேண்டிய நன்றிக் கடிதங்கள் உண்டு.

மறுபடி நாவலுக்கு வருகிறேன். முடிவைச் சொல்லப் போகிறேன். படிக்கப் போகிறவர்கள் அடுத்த இரண்டு பத்திகளைத் தாண்டிவிடுங்கள்.

ரான் ஃபிஸ்க் ஜெயித்து பெஞ்சில் உட்கார்கிறார். கம்பெனிகளுக்கு எதிரான நஷ்டஈடு வழக்குகளையெல்லாம் ஒவ்வொன்றாகத் தள்ளுபடி செய்ய உதவுகிறார். யாரும் அவரை மிரட்டவில்லை. லஞ்சம் கொடுக்கவில்லை.  தான் நம்புவதைத்தான் செய்கிறார். அப்போது அவர் பையன் பேஸ்பால் ஆட்டத்தில் அடிபடுகிறான். தரக்குறைவான அலுமினிய மட்டை. ஆஸ்பத்திரியில் கவனக்குறைவு. பையனின் மூளை பாதிக்கப்படுகிறது. யார் மேல் எல்லாம் வழக்குப் போட முடியாது என்று அப்பா தீர்ப்பு எழுதிக்கொண்டிருந்தாரோ, அதே மாதிரி கம்பெனி, அதே மாதிரி டாக்டர். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து ஃபிஸ்க் முதல் முறையாக ஜெனட் பேக்கரைப் போன்றவர்களை நினைத்துப் பார்க்கிறார். இந்த இடத்தில் நமக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது. சினிமா புத்தி. மனுஷன் மாறிவிடுவான், கடைசி ஓட்டை நியாயமாகப் போடுவான் என்று காத்திருக்கிறோம்.

ஃபிஸ்க் மாறுவதில்லை. நாலுக்கு நாலு என்று நிற்கும் வழக்கில் அவர் ஓட்டு கம்பெனிக்குப் போகிறது. ஏழைப் பெண்ணுக்குச் சல்லிக்காசு இல்லை. தன் சொந்தத் துக்கத்துக்காகத் தீர்ப்பை மாற்றுவது முறையில்லை என்று அவருக்கே ஒரு சமாதானம் இருக்கிறது. தவிர, தன்னைத் தேர்ந்தெடுத்தவர்களுக்குக் கொடுத்த வாக்கு. கிரிஷாமின் மற்ற நாவல்களின் அட்டைப்படங்களை எனக்கு நினைவில்லை. இந்த வராந்தாவை மறக்க முடியவில்லை. இருநூறு பக்கம் ட்ரூடோவைத் துரத்தியவர், கடைசியில் சரியான ஆளைப் பிடித்துவிட்டார். நல்ல மனிதன், நல்ல அப்பா, வாக்குத் தவறாதவன். அவனிடம்தான் ஜெனட் தோற்கிறாள். இதற்காகவே நம்பியார் பக்கங்களை மன்னித்துவிட்டேன். வாங்கிப் படியுங்கள். பழைய புத்தகக் கடையில் கட்டாயம் கிடைக்கும், பேரம் பேசுங்கள்.

போன வருஷம் அக்கா பையன் போன் பண்ணினான். ஸ்கூல் பக்கம் வேகமாகக் கார் ஓட்டிப் போலீஸில் மாட்டிக்கொண்டானாம். அவர்கள் பகுதி 'ஜஸ்டிஸ் ஆஃப் த பீஸ்' முன்னால் போய் நின்றிருக்கிறான். அதுவும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் பதவிதான். டெக்ஸாஸில் அதற்கு வக்கீலாக இருக்க வேண்டும் என்று கூட அவசியமில்லை.

"என்னடா சொன்னார்?"

"ஒழுங்கா வண்டி ஓட்டறது எப்படின்னு ஒரு கிளாஸ் இருக்கு மாமா. அதை முடிச்சா கேஸை டிஸ்மிஸ் பண்ணிடறேன்னார். சிரிச்சுண்டே சொன்னார். ரொம்ப நல்ல மனுஷன். அடுத்த தடவையும் அவருக்குத்தான் போடப் போறேன்."

"அந்தக் கிளாஸ் சலுகை சட்டத்துலயே இருக்குடா. முதல் தடவை மாட்டற பெரும்பாலானவங்களுக்குக் கிடைக்கும். அவர் கொடுத்தது இல்லை."

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை.

"இருந்தாலும் சிரிச்சாரே மாமா" என்றான்.